தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவில் ஒருவர்கூட எந்த மாதிரித் துப்பாக்கி என்று கேட்கவில்லை. எல்லோரும் யாரைச் சுட என்றுதான் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஏதோ புதிதாகச் சொல்லிவிட்டது போலச் சிரித்தார்கள். முதலில் கேட்டவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். பிறகு "கேக்கறவங்களைத்தான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்கப்புறம் கேள்விகள் குறைந்துவிட்டன.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். கோபம் வருகிற மாதிரி எல்லாவற்றையும் செய்துவிட்டு, கோபம் வருகிறதே என்று ஆச்சரியப்படுகிறவர்களை என்ன செய்வது?

அரக்கோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது தரையில் படுத்துக்கொண்டு ரைஃபிள் சுடப் பழகினேன். பிறகு ஒரு முகாமில் தட்டு சுடுவதைப் பார்த்தேன். டீ தட்டு அளவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு. களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, அதில் களிமண் கிடையாது, சுண்ணாம்பும் தாரும்தான். ஒரு இயந்திரம் அதை வானத்தில் வீசும். அது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. பறக்கிற அந்தத் தட்டைத் தரையில் விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். உடைந்தால் ஒரு சின்னக் கரும்புகை. அவ்வளவுதான். எந்தப் பறவையும் சாவதில்லை, எந்த மனிதனுக்கும் கீறல்கூடப் படுவதில்லை. இதை எத்தனை தரம் விளக்கினாலும் எங்கள் தெருவில் "அந்தப் பொண்ணு புறா சுடப் போவுது" என்றுதான் பேச்சு.

வெடிச்சத்தம் பயமாக இல்லையா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டின் பின்பக்கம் முழுக்க பவர்லூம் தறிகள். அந்தத் தடதடப்பில்தான் நான் பிறந்தேன், படித்தேன், தூங்கினேன். மின்சாரம் போய் தறி நின்றால்தான் எங்கள் வீட்டில் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். துப்பாக்கிச் சத்தம் எனக்கு எம்மாத்திரம்?

மாதத்தில் இரண்டு ஞாயிறு மின்சார ரயிலேறி, சென்னைக்கு வெளியே இருக்கும் பயிற்சி மைதானத்துக்குப் போவேன். அங்கே கிளப்புக்குச் சொந்தமான துப்பாக்கியைத்தான் வாடகைக்குத் தருவார்கள். அது ஆறடி ஆளுக்குச் செய்தது. தோளில் வைக்கிற மரக்கட்டை எனக்கு நீளம். அதனால் அது தோள்குழியில் உட்காராது, கை மூட்டுக்கு மேல் சதையில் போய் உட்காரும். ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் அந்தச் சதையில் ஒரு குத்து விழும். திங்கட்கிழமை பள்ளியில் கையை உயர்த்தி விசில் ஊத முடியாது. ஆசிரியர் அறையில் ஒருத்தி என் கையில் இருந்த கன்றிய நீலத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாராச்சும் அடிக்கிறாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டாள். அந்தக் கை வலியோடும் நான் உடைத்த தட்டுகளைப் பார்த்துத்தான் பயிற்சியாளர், சொந்தத் துப்பாக்கி இருந்தால் மாநிலத் தேர்வுக்கு என்னை அனுப்பலாம் என்றார். கிளப் துப்பாக்கியை அன்றைக்கு வேறு யாராவது கேட்டுவிட்டால் நான் வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும்.

லைசன்ஸுக்கு அலைந்த கதையைச் சொன்னால் அது தனிப் புத்தகம் ஆகும். விசாரிக்க வந்த காவலர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நைனாவிடம்தான் கேட்டார். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "பொண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆவலை?" என்பது அவருடைய முதல் கேள்வி. துப்பாக்கிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் சமையலறையிலிருந்து சத்தமாகக் கேட்டேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எப்படியோ லைசன்ஸ் வந்தது.

பணம் என்று பார்த்தால் சீட்டு எடுத்த பணம் மட்டும்தான். தட்டு சுடுகிறவர்கள் ஆசைப்படும் வெளிநாட்டுத் துப்பாக்கியின் விலைக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு வீட்டு மனையே வாங்கலாம். எனக்குப் பழைய துப்பாக்கிதான் கட்டும். பயிற்சியாளர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: பளபளப்புக்குக் காசு கொடுக்காதே, கையில் இருப்பதை எல்லாம் துப்பாக்கியிலேயே கொட்டிவிடாதே, தோட்டா வாங்கக் காசு இல்லாவிட்டால் அது வெறும் உலக்கை.

சென்னையில் இருக்கிற துப்பாக்கிக் கடைக்கு நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். அம்மா விடவில்லை. "பொம்பளப் புள்ள ஒண்டியா துப்பாக்கிக் கடையில நின்னா பாக்கறவன் இன்னா நெனைப்பான்?" என்றாள். நிஜத் தோட்டா போட்டு நான் சுட்டுக்கொண்டிருப்பது தனியாகப் போய்த்தான். அதற்குத் துணை வேண்டாம், கடைக்கு வேண்டுமாம். நைனா வந்தார். அக்கா புருஷன், எங்கள் பாவா, காரை எடுத்துக்கொண்டு வந்தார். பாவாவுக்கு ஆர்.கே.பேட்டையில் நூல் வியாபாரம். துப்பாக்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது முழுக்க யூடியூபில் பார்த்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் தர்பூசணியைச் சுட்டுச் சிதறடிக்கிற வீடியோவை ஒரு மாதமாக எனக்குத் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வயதானவர். இரும்புக் கம்பிக் கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். நேராக பாவாவைப் பார்த்து, "வாங்க சார், தோட்டத்துக்கா, பாதுகாப்புக்கா?" என்றார்.

"பாக்கறதுக்கு நல்லா கெத்தா இருக்கணும்ங்க" என்றார் பாவா.

நான் லைசன்ஸைக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். "என் பேர்ல இருக்கு. தட்டு சுடறதுக்கு" என்றேன். கடைக்காரர் லைசன்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாவா பக்கம் திரும்பி, "மேடம் சுடுவாங்களா?" என்றார். நான் அங்கேதான் நிற்கிறேன். வாய் இருக்கிறது, காது இருக்கிறது.

அவர் முதலில் எடுத்து வைத்தது புதிது. நம் நாட்டிலேயே செய்த இரட்டைக் குழல், இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில். மரத்தில் கண்ணாடி போல மெருகு, இரும்பில் பூ வேலை. பாவா அதை வாங்கி, ஒரு கண்ணை மூடி, மின்விசிறியைக் குறிபார்த்தார். நைனா மரத்தைத் தடவிப் பார்த்து, "பட்டு மாதிரி கீது" என்றார். அவர் வாழ்க்கை முழுக்கத் துணியைத் தடவிப் பார்த்தே விலை சொன்னவர். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் இது துணி இல்லையே.

நான் வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் பதித்து, அப்புறம் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்ததும் குழலின் நுனியில் இருக்கும் சின்னக் குண்டுமணி நேராகக் கண்ணுக்கு முன் நின்றால் துப்பாக்கி நமக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். தட்டு பறக்கும்போது குறிபார்க்க நேரம் இருக்காது. பார்க்கிற இடத்தில் துப்பாக்கி தானாகப் போய் நிற்க வேண்டும். கண்ணைத் திறந்தேன். குண்டுமணியைக் காணவே காணோம். கட்டை வழக்கம்போல என் கைச்சதையில் உட்கார்ந்திருந்தது.

"கண்ணை மூடிகினு துப்பாக்கி வாங்கறா பாரு, மாமா" என்று பாவா சிரித்தார்.

"எனக்கு இது நீளம்" என்றேன்.

"பழகப் பழக சரியாப்பூடும்மா" என்றார் பாவா.

பழகப் பழகச் சரியாவதற்கு இது என்ன புதுச் செருப்பா?

அப்போதுதான் மூலையில் சாத்தியிருந்த இன்னொன்றைப் பார்த்தேன். குழல் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்தது. தட்டு சுடுகிறவர்களுக்கு அதுதான் வசதி, கண்ணுக்கு முன் ஒரே கோடுதான் தெரியும். மரத்தில் மெருகு போய்விட்டிருந்தது. பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். கட்டையின் பின்பகுதியை யாரோ அறுத்துக் குறைத்து, நிறம் பொருந்தாத ஒரு ரப்பரை ஒட்டியிருந்தார்கள்.

"அது வேணாம் மேடம், கட்டைய அறுத்துட்டாங்க. அதான் யாரும் எடுக்க மாட்றாங்க" என்றார் கடைக்காரர். என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

எடுத்தேன். திறந்து குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்த்தேன். துருவோ குழியோ இல்லை. மூடிவிட்டு ஆட்டிப் பார்த்தேன். லொடலொடப்பு இல்லை. கண்ணை மூடித் தோளில் வைத்தேன். திறந்தபோது குண்டுமணி நட்டநடுவில் நின்றது. இறக்கிவிட்டு மறுபடியும் வைத்தேன். மறுபடியும் அங்கேயே நின்றது. தையல்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது. எல்லோரும் குறை என்று ஒதுக்கியதுதான் எனக்குப் பொருந்தியது, அந்தக் குறையால்தான் விலையும் என் கைக்கு எட்டியது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாருதுங்க இது?" என்று நைனா கேட்டார்.

"ஏலகிரி பக்கம் ஒரு தோட்டக்காரருது. ஆள் குள்ளமா இருப்பாரு. போன வருஷம் தவறிட்டாரு. பையன் கொண்ணாந்து குடுத்தாரு."

நைனா மேசைமேல் இருந்து கையை எடுத்துவிட்டார். என்னை வெளியே நடைபாதைக்குக் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். செத்தவர்கள் புழங்கிய பொருள் எங்கள் வீட்டில் தங்காது. பாய், தலையணை, துணிமணி எல்லாம் அன்றைக்கே ஊருக்கு வெளியே போய்விடும். சித்தப்பா செத்தபோது அவருடைய நல்ல செல்போனைக்கூட ஏரிக்குள் வீசிவிட்டு வந்தார்கள். சிம் கார்டோடு.

"செத்தவன் கையில இருந்த பொருளும்மா. அதுவும் துப்பாக்கி. அத்தப் போயி தோளுல சாத்திகினு, கன்னத்துல வெச்சிகினு... வேணாம். அந்தப் புதுசையே எடுத்துக்கோ. நைனா கொஞ்சம் மேல போட்டுத் தரேன்."

"அது எனக்குப் பொருந்தாது நைனா."

"பொருந்தாட்டி போவுது. வீட்டுக்கு ஆவாது இது."

பொருந்தாட்டி போகிறதாம். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பாவாவுக்குப் பார்வைக்குக் கெத்து வேண்டும், நைனாவுக்குச் சகுனம் வேண்டும், கடைக்காரருக்கு எதிரில் ஒரு ஆண்பிள்ளை வேண்டும். குத்து வாங்கப்போகிற தோளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த நடைபாதையில் நான் கத்திய கத்தலில், பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். என் காசு, என் லைசன்ஸ், என் தோள் என்றேன். உள்ளே போய்ப் பணத்தைக் கட்டினேன். திருத்தணி வரும்வரை காரில் பாட்டுகூட ஓடவில்லை.

வீட்டில் அம்மா ஆரத்தி எடுத்து உள்ளே விட்டாள். எனக்கா துப்பாக்கிக்கா என்று தெரியவில்லை. துப்பாக்கி பீரோவுக்குள் போயிற்று. சாவியை நான் கேட்டேன். "என் இடுப்புல இருந்தா இன்னா, ஓடியா பூடும்?" என்றாள். எங்கள் வீட்டில் யார் சம்பாதித்தாலும், எதை வாங்கினாலும், சாவி அம்மாவின் இடுப்பில்தான். எனக்கு முப்பது தாண்டிவிட்டது. பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது, என் துப்பாக்கிக்குச் சாவி என்னிடம் இல்லை.

அந்த ஞாயிறு மைதானத்தில் நடந்ததை மறக்க மாட்டேன். தட்டு கிளம்பும், நான் பார்ப்பேன், அது உடையும். நான் ஒன்றும் செய்யாதது போல இருந்தது. பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை கையைத் தலைக்கு மேல் தூக்கி விசில் ஊதினேன். துளி வலி இல்லை. மாநிலத் தேர்வு நெருங்கிவிட்டது, என் பெயரையும் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அதைச் சொன்னபோது நைனா "ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அதே வாரம் ஓடுகிற தறியிலிருந்து, குறுக்கே நூலைக் கொண்டுபோகிற மரக்கட்டையான நாடா தெறித்து, அவர் காதோரமாகப் பறந்து சுவரில் மோதியது. நாடா தெறிப்பது பவர்லூம் வீட்டில் அதிசயம் இல்லை. முன்பும் தெறித்திருக்கிறது, இனியும் தெறிக்கும். ஆனால் நைனா அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா பிறகு சொன்னாள். அப்போது என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். அதனாலேயே சொல்லவில்லை.

கிருத்திகை அன்று பள்ளி மைதானத்தில் இருந்தபோது பாவாவிடமிருந்து போன் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. டென்ஷன் ஆவாத. மலைக்குக் கீழ ஸ்டேஷன்ல இருக்கோம். லைசன்ஸை எடுத்துகினு வா."

பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் யாரை எந்த வார்த்தையால் திட்டினேன் என்று எழுதினால் அச்சேறாது.

நடந்தது இதுதான். புது வண்டி வாங்கினால் திருத்தணி மலைக்கு எடுத்துப்போய்ப் பூசை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பைக், கார், டிராக்டர், ஏன், ஜே.சி.பி.க்குக்கூட மாலை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கித்தான் வேலைக்கு அனுப்புவார்கள். துப்பாக்கிக்கும் அதைச் செய்துவிட்டால் செத்தவன் தோஷம் கழியும் என்று நைனா முடிவு செய்திருக்கிறார். அம்மாவிடம் சாவியை வாங்கி, துப்பாக்கியைப் பையோடு எடுத்து, மஞ்சள் தடவிய புது வேட்டியில் சுற்றி, பாவாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார். கிருத்திகை அன்று. காவடியும் மொட்டைத் தலையுமாக மலை முழுக்க ஜனம் நிற்கிற அன்று. வண்டிகளுக்குப் பூசை போடுகிற இடத்தில் வரிசையில் நின்று, பையைத் திறந்து, அவரே சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். யாரோ "துப்பாக்கி" என்று கத்தியிருக்கிறார்கள். ஜனம் சிதறி ஓடியதில் ஒரு அம்மாள் படியில் விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டார். அதோடு போனது.

ஸ்டேஷன் மேசைமேல் என் துப்பாக்கி கிடந்தது. இரண்டு குழலிலும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். விசைக்கு மேல் மஞ்சள் கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம். ஈரச் சந்தனம் இரும்பில் காய்ந்துகொண்டிருந்தது. துடைக்காவிட்டால் துரு பிடிக்கும். பெஞ்சில் நைனா குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் வந்தது துருவைப் பற்றிய கவலைதான். அப்படிப்பட்ட கோபத்தில் இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. "லைசன்ஸ் இல்லாத ஆள் கையில துப்பாக்கி. அதுவும் கோயில் கூட்டத்துல. சும்மா விட முடியாதும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். நானே கொடுத்தனுப்பினேன் என்று எழுதிக்கொடுத்து லைசன்ஸை ஒப்படைத்துவிட்டால், துப்பாக்கி கடைக்கே திரும்பிப் போய்விடும், பெரியவர்மேல் ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனார் என்று எழுதினால் லைசன்ஸ் தப்பிக்கலாம், ஆனால் பெரியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

"குடுத்துடும்மா, உட்டுது சனியன்" என்றார் பாவா உடனே. எனக்கு முன்பே ஓடி வந்திருந்த அம்மா அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். அவர்கள் முகத்தில் நான் பார்த்தது பயம் மட்டும் இல்லை. ஒரு நிம்மதியும் இருந்தது. இவள் பைத்தியம் இத்தோடு முடிந்தது என்ற நிம்மதி. எத்தனை வருட அலைச்சல், எத்தனை ஞாயிறு, எத்தனை நீலம் பாய்ந்த கை. அதெல்லாம் இரண்டு வரியில் எழுதிக்கொடுத்துவிட வேண்டியது. பேனாவை எடுத்தேன். வேறு என்ன செய்வேன்? பெற்ற தகப்பனைக் கோர்ட்டில் நிறுத்துவேனா? கோபத்தில் நான் அழுத்தியதில் பேனா காகிதத்தைக் கிழித்தது.

"எழுதாதம்மா."

நைனாவின் குரல். எழுந்து நின்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "அவளுக்குத் தெரியாதுங்க சார். தெரிஞ்சா உட்டிருக்க மாட்டா. நான்தான் பீரோவுல இருந்து எடுத்தேன். மருமவனுக்கும் தெரியாது, பைல இன்னா கீதுன்னு. திருடினேன்னு எழுதிக்கோங்க. லைசன்ஸுல கைய வெக்காதீங்க."

"நைனா, சும்மா இரு" என்றேன்.

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாதுன்னு எழுது."

அது உண்மையும்கூட. எழுதினேன். இன்ஸ்பெக்டர் தன்னால் முடிந்த அளவுக்குச் சின்னப் பிரிவாகப் போட்டார்.

வெளியே வந்ததும் பஸ் நிலையம் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். மொட்டையடித்த குடும்பங்கள் ஒதுங்கி வழிவிட்டன. அந்தக் கடை வாசல் நடைபாதையில் நின்று இவள் தோளுக்கு எது சரியோ அதை வாங்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது என்றேன். அவர் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

லைசன்ஸ் தப்பியது. துப்பாக்கி தப்பவில்லை. வழக்குப் பொருள் என்று கோர்ட்டுக்குப் போய்விட்டது. இடையிலேயே கேட்டு மனு போட்டும் கிடைக்கவில்லை. மாநிலத் தேர்வு அன்று நான் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, என்னைவிடக் குறைவாக உடைக்கிற ஒருத்தி தேர்வாகிப் போவதைப் பார்த்தேன். கைதட்டவில்லை. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

பாவா பிடித்துக் கொடுத்த வக்கீல் தைரியம் சொன்னார். "சாட்சி ஒருத்தனும் வரமாட்டான் பெரியவரே. குற்றம் செய்யலைன்னு மட்டும் சொல்லுங்க. இழுத்துகினு போவும், கடைசியில விடுதலை."

"அதுவரிக்கும் துப்பாக்கி?" என்றார் நைனா.

"அது கோர்ட்லதான் இருக்கும்."

"ஒத்துக்கினா?"

"ஒத்துக்கினா கேஸ் அன்னிக்கே முடியும். ஆனா உங்க பேர்ல தண்டனைன்னு ஏறிடும். உள்ளகூடப் போகவேண்டி வரலாம். வேணாம்."

வேண்டாம் என்று நானும் சொன்னேன். எவ்வளவு நாளானாலும் ஆகட்டும், நான் கிளப் துப்பாக்கியிலேயே சுட்டுக்கொள்கிறேன் என்றேன். நைனா தலையாட்டினார். விசாரணை அன்றைக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு கோர்ட்டுக்கு வந்தார். நீதிபதி ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். குற்றத்தைப் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஆங், எடுத்தேங்கம்மா" என்றார் நைனா. வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்காக எடுத்தீங்க?"

"அது செத்தவர் துப்பாக்கிங்கம்மா. எம் பொண்ணு அத்தத் தோளுல வெச்சிகினு சுடுது. பயமா இருந்துது. சாமிகிட்டக் காட்டினா அதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எடுத்துகினு போனேன்."

"தப்புன்னு தெரியுதா?"

"தப்புதாங்கம்மா. இன்னா தண்டனையோ குடுங்க. துப்பாக்கிய மட்டும் அதுகிட்டக் குடுத்துடுங்க. அந்தக் கட்டைதான் அதுக்குப் பொருந்துது."

நான் பின்வரிசையில் இருந்தேன். எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. இந்த வார்த்தையை அந்த நடைபாதையில் சொல்வதற்கு என்ன கேடு உனக்கு? இத்தனை பேர் முன்னால், குற்றவாளிக் கூண்டில் நின்றா சொல்ல வேண்டும்? வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்ததால் உட்கார்ந்தே இருந்தேன்.

அபராதம் விதித்தார்கள், கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். சாயங்காலம் வரை அவர் சுவரோரம் கைகட்டி நின்றார். போலீஸ்காரர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

உத்தரவு வந்து, துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போனபோது நைனாவும் வந்தார். கையெழுத்துப் போட்டுப் பையைத் திறந்து பார்த்தேன். சந்தனம் இருந்த இடத்தில் மூன்று விரல் அகலத்துக்குத் துரு. தேய்த்தாலும் முழுக்கப் போகாது. பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வந்த பழக்கத்தில், நைனா பையை வாங்கக் கையை நீட்டினார்.

"குடும்மா, கனமா கீது" என்றார்.

சொன்னதும் அவருக்கே உறைத்தது. கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டார். வாசலில் நின்ற போலீஸ்காரரை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைவிட்டு நாலடி தள்ளி நடந்தார், பஸ் வரும்வரை பக்கத்தில் வரவே இல்லை.